பீலிக்கு விட்ட குழாய்

என் அம்மாவின் பேரை வெட்டிய அன்று அவள் அழவில்லை. எங்கள் தோட்டத்தில் பேர் என்றால் வேலை. காலையில் பெரட்டுக்களத்தில் ஆளைக் கூப்பிட்டு செக்ரோல் புத்தகத்தில் பதிந்தால் அன்றைக்குப் பேர் உண்டு, கூலி உண்டு. அறுபது வயதானால் செக்ரோலிலிருந்து எடுத்துவிடுவார்கள். அதைத்தான் பேர் வெட்டுவது என்போம். மற்றப் பெண்கள் அன்றைக்கு மூக்கைச் சிந்திக்கொண்டு வீடு வருவார்கள். அம்மா வந்ததும் கொழுந்துக் கூடையின் கயிற்றைக் கழற்றி அண்ணியிடம் கொடுத்து, "துணி காயப்போட ஒதவும்" என்றாள். பிறகு வாசல் திண்ணையான இஸ்தோப்பில் காலை நீட்டி உட்கார்ந்து வெற்றிலையை மடித்தாள்.

"இனிமே எந்தக் கங்காணியும் எந்தத் தொரையும் என்னைய ஒண்ணும் புடுங்க முடியாது" என்றாள்.

அது அவள் போட்ட கணக்கு. பேர் உள்ளவன் வாயைத் திறந்தால் பேர் போகும். பேர் போனவளிடமிருந்து எதைப் பிடுங்குவது? தோட்டத்தில் வயதானவர்கள் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். வேறு எந்த ஊராக இருந்தாலும் அந்தக் கணக்கு சரியாக வந்திருக்கும்.

பெரகலைக்கும் கொஸ்லந்தைக்கும் இடையில், காற்று ஓயாத ஒரு சரிவில் எங்கள் தோட்டம். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தில் எங்களுக்குப் படுக்க ஒரு காம்பரா, பின்னால் சமைக்க ஒரு குசினி. அதில் அண்ணன், அண்ணி, அவர்களுடைய பிள்ளைகள், அம்மா, நான். நான் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்தேன். தாய்மார் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகும்போது குழந்தைகளை எங்களிடம் விட்டுவிட்டுப் போவார்கள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதற்காக யாரும் என்னைப் பார்த்து உச்சுக்கொட்ட வேண்டாம், அடுத்தவர் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்தே எனக்கு ஆசை தீர்ந்துவிட்டது.

லயத்துக்குக் கீழே பீலி இருந்தது. மேலே காட்டுக்குள்ளிருந்து வரும் ஓடையை ஒரு தகரத் தகட்டில் வாங்கி, ஆள் உயரத்திலிருந்து விழும்படி செய்த இடம். குடிக்க, குளிக்க, துவைக்க, செத்தவர்களைக் கழுவ, எல்லாவற்றுக்கும் அந்தத் தண்ணீர்தான். எவ்வளவு வெயிலிலும் அது நின்றதில்லை. பீலி இருக்கிறது என்பதை நாங்கள் யோசித்ததே இல்லை. காலையில் எழுந்ததும் மூச்சு விடுகிறோமா என்று யாராவது பார்ப்பார்களா?

தொண்ணூறுகளின் நடுவில் எண்ணெய் விலை ஏறியது. ஸ்டோர் என்கிற தேயிலை ஆலையில் கொழுந்து காய வைக்கும் அடுப்புக்கு எண்ணெய் ஊற்றிக் கட்டுப்படியாகாது என்று விறகு அடுப்பு வைத்தார்கள். அடுப்பு பெரிய வயிற்றுக்காரனாக இருந்தது. ஒரு நாள் ஓடைக்கு மேலே இருந்த காட்டில் கோடரிச் சத்தம் கேட்டது. தொழிற்சங்கத் தலைவர், "பேசிப் பாக்கிறேன்" என்றார். அவர் எதையும் பேசிப் பார்ப்பவர்தான், பேசி முடிப்பவர் அல்ல. பேர் உள்ளவர்கள் எல்லோரும் கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போனார்கள்.

அம்மாவும் அவள் வயதுப் பெண்கள் மூன்று பேரும் காட்டுக்குப் போய் மரத்தடியில் உட்கார்ந்தார்கள். அம்மா இரண்டு உரச் சாக்கைச் சேர்த்துத் தைத்து, ஓரத்தில் சிவப்பு நூலால் ஓடவிட்டு ஒரு விரிப்பு வைத்திருந்தாள். இஸ்தோப்பில் அதில்தான் படுப்பாள். அதையும் எடுத்துக்கொண்டு போனாள். பெரியதுரைக்கு அடுத்த அதிகாரியான சின்னத்துரை மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி, புத்தகத்தைத் திறந்து, "ஒங்க பேரு என்னா?" என்று கேட்டார்.

"பேரு இல்லைங்களே. நீங்கதான வெட்டுனீங்க" என்றாள் அம்மா.

சின்னத்துரை புத்தகத்தை மூடினார். பெரியதுரை பிறகு வந்து பார்த்துச் சிரித்துவிட்டு, எதிர்ச் சரிவில் இருந்த டர்பன்டைன் மரங்களை வெட்டச் சொல்லிப் போய்விட்டார். அவருக்கு விறகு வந்தால் சரி. ஆனால் அந்த நான்கு கிழவிகளுக்கும் தலை கால் புரியவில்லை. லயத்தில் அதற்குப் பிறகு அம்மாவோடு குடித்தனம் நடத்துவது பெரும்பாடாகிவிட்டது. அண்ணி சோறு குழைய வைத்தால்கூட, "நான் தொரையவே திருப்பி அனுப்புனவ" என்று ஆரம்பிப்பாள்.

இந்தச் செய்தி எப்படியோ பதுளைக்குப் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கக்கத்தில் குடையும் தோளில் தேநீர்ப் போத்தலுமாக ஒரு பெரியவர் எங்கள் லயத்துக்கு வந்தார். யாழ்ப்பாணத்து ஆள், நில அளவைத் திணைக்களத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சண்டையால் ஊருக்குத் திரும்பிப் போக முடியாமல் பதுளையிலேயே தங்கிவிட்டார். நாங்கள் சர்வேயர் ஐயா என்று கூப்பிட்டோம். பதுளையில் அவரும் அவரைப் போல ஓய்வு பெற்ற சிலரும் சேர்ந்து மரக்கன்று நட்டார்கள், பத்திரிகைகளுக்கு எழுதினார்கள், கடற்கரையில் நிலக்கரியில் மின்சாரம் எடுக்கும் ஆலை வரக்கூடாது என்று கூட்டம் போட்டார்கள். பஸ் வளைவுகளில் வாந்தி எடுத்துக்கொண்டே மாதம் ஒரு தடவை எங்களிடம் வருவார். வந்ததும் முகம் கழுவ பீலிக்குத்தான் போவார்.

"அம்மா, நீங்கள் செய்தது சின்ன வேலை இல்லை. உலகம் முழுக்க இதைப் பற்றித்தான் இப்ப கதைக்கினம். புகையாலை பூமி சூடாகுது, மழை தவறுது" என்றார் ஒரு தடவை.

"கதைக்கட்டுங்க ஐயா. அவுங்களுக்கும் பொழுது போகணும்ல" என்றாள் அம்மா. அவர் முகம் வாடியதைப் பார்த்து, கருப்பட்டித் துண்டோடு ஒரு பிளேன்டீ கொடுத்தாள். அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் நல்ல சிநேகிதர்கள்.

இரண்டாயிரம் பிறந்த சில வருடங்களில் ஒரு மின்சாரக் கம்பெனியின் ஆட்கள் வந்தார்கள். எங்கள் ஓடையில் அணை கட்டி, தண்ணீரைச் சரிவோடு இரும்புக் குழாயில் இறக்கி, கீழே மெஷின் வைத்து மின்சாரம் எடுக்கப் போகிறார்களாம். கூட்டம் நடத்த இடமில்லாமல் என் பிள்ளைக் காம்பராவைத்தான் கேட்டார்கள். தொட்டில் சேலைகளை எல்லாம் சுருட்டி உத்தரத்தில் கட்டிவிட்டு, ஈரச் சீலை வாடைக்குள் அவர்களை உட்கார வைத்தேன். கொழும்பிலிருந்து வந்த ஐயா ஒருவர் சிங்களத்தில் பேசினார். எங்கள் கணக்கப்பிள்ளை அதைத் தமிழில் சொன்னார்.

எண்ணெயும் நிலக்கரியும் எரிப்பதால் பூமி சூடாகிறது. நாட்டில் மின்வெட்டு. இந்த ஓடை மின்சாரத்தில் புகையே இல்லை. நீங்கள் எல்லோரும் சேர்ந்து பூமியைக் காப்பாற்றப் போகிறீர்கள். சனம் கைதட்டியது. பூமியைக் காப்பாற்றுவது இவ்வளவு லேசு என்று அதுவரை எங்களுக்குத் தெரியாது.

அம்மா எழுந்து நின்றாள். "பூமிய யாருங்க சூடாக்குனது?"

கணக்கப்பிள்ளை அதை மொழிபெயர்க்கவில்லை.

"காம்பராவுக்கு ஒரு குப்பி லாம்பு வச்சிருக்கோம். அதுவும் எட்டு மணிக்கு அமத்திருவோம். அந்தச் சூடாங்க? யாரு சூடாக்குனாங்களோ அவுங்க ஊட்டுத் தண்ணிய எடுக்கச் சொல்லுங்க. இல்ல, பெரகல சந்தியில நின்னு பாருங்க, ஆளத் தூக்குற காத்து. அதுல எடுங்க கரன்ட்ட. நான் வேணாம்னா சொன்னேன்?"

சிலர் சிரித்தார்கள். அப்போது என் அண்ணன் பின்வரிசையிலிருந்து, "லயத்துக்கு லைட் வருங்களா சேர்?" என்று கேட்டான். கொழும்பு ஐயா சிங்களத்தில் பார்ப்போம் என்றார். கணக்கப்பிள்ளை தமிழில் வரும் என்றார். சிங்களம் தெரிந்தவர்கள் அந்த அறையில் நிறையப் பேர் இருந்தோம். ஆனாலும் எல்லோரும் தமிழில் சொன்னதையே நம்பினோம்.

அண்ணன் ஏன் அப்படிக் கேட்டான் என்பதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அவனை வெறும் அயோக்கியன் என்று நினைத்துவிடுவீர்கள். எங்கள் வீட்டில் ஒரு சின்ன டெலிவிஷன் இருந்தது. கார் பெட்டரியில் ஓடும். வாரம் ஒரு தடவை அந்தப் பெட்டரியைத் தோளில் சுமந்து பெரகலைக்குப் போய்க் கடையில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வருவான். அமிலம் சிந்தி அவன் சட்டைகளில் எல்லாம் தோளில் ஓட்டை. படம் பாதியில் சுருங்கி அணையும்போது பிள்ளைகள் அவனைத்தான் திட்டும். அவனுக்கு லைட் வேண்டும். அதில் தப்பு ஒன்றுமில்லை.

சர்வேயர் ஐயா அடுத்த ஞாயிறு வந்தபோது அவருக்கே குழப்பம். "நிலக்கரியை எரிக்கிறதை விட இது நல்லது தானே அம்மா" என்றார், குரல் தாழ்ந்து.

"யாருக்குங்க நல்லது?"

"நாட்டுக்கு. உலகத்துக்கு."

"எங்க பீலிக்கு?"

அவர் தரையில் குடை நுனியால் கோடு போட்டுக் காட்டினார். அணை மேலே வரும், மெஷின் கீழே வரும், இரண்டுக்கும் நடுவில் ஓடை வற்றும். நடுவில்தான் எங்கள் லயம் இருந்தது. அம்மா அந்தக் கோட்டைக் காலால் அழித்தாள். "அப்ப ஒக்காந்துருவோம்" என்றாள், ஏதோ சாப்பாட்டுக்கு உட்காரச் சொல்வது மாதிரி.

அணைக்கு வானம் தோண்டும் இடத்தில் இந்தத் தடவை பதினைந்து பேருக்கு மேல் உட்கார்ந்தார்கள். எல்லோரும் பேர் வெட்டுப்பட்டவர்கள். கண் தெரியாத ஒரு தாத்தாவை அவர் மனைவி கையைப் பிடித்துக் கூட்டி வந்து உட்கார வைத்தார். அம்மா சிவப்பு நூல் ஓடிய சாக்கை விரித்து நடுவில் உட்கார்ந்தாள். வெற்றிலைப் பை, தண்ணீர்ப் போத்தல், அவித்த மரவள்ளி. பதுளையிலிருந்து சர்வேயர் ஐயாவும் அவருடைய ஓய்வு பெற்ற கூட்டாளிகள் இரண்டு பேரும் பதாகை பிடித்துக்கொண்டு நின்றார்கள். மண் வெட்ட வந்தவர்கள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர் மேலும் யாரும் கை வைக்கவில்லை. பொலிஸைக் கூப்பிடவில்லை. பெரியதுரை வந்து பார்த்தார், இந்தத் தடவை சிரிக்கவில்லை, திரும்பி ஆபீஸுக்குப் போனார்.

கிழவிகளுக்கு ஒரே கும்மாளம். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தார்கள்.

துரை ஆபீஸுக்குப் போய் ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை. உட்கார்ந்திருந்தவர்களின் மகன்களில் மலையிலும் ஸ்டோரிலும் வேலையில் இருந்தவர்களை மட்டும் கூப்பிட்டு அனுப்பினார். நாற்காலி போட்டு உட்கார வைத்தாராம். தோட்டத்து லயக் காம்பரா வேலை செய்கிறவர்களுக்கு உரியது, அதில் வேலையில் இல்லாதவர்கள் இருப்பது தோட்டம் கண்டும் காணாமல் விடுகிற சலுகை, அந்தச் சலுகை இனிமேலும் தேவையா என்று நீங்களே யோசித்துச் சொல்லுங்கள் என்றாராம். குரலை உயர்த்தவே இல்லையாம். அம்மா போட்ட கணக்கில் இதுதான் விட்டுப்போயிருந்தது. அவள் பேரை வெட்டியிருந்தார்கள், ஆனால் அவள் தலைக்கு மேலே இருந்த தகரம் அண்ணன் பேரில் நின்றது.

மத்தியானம் மகன்கள் வரிசையாக மேலே ஏறி வந்தார்கள். அண்ணன் அம்மாவின் முன்னால் குந்தினான்.

"எந்திரிங்கம்மா. போவோம்."

"போடா."

"பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு நான் எங்க போவேன்? ரோட்டுலயா படுக்கச் சொல்றீங்க?"

"எனக்கென்னா தெரியும். நீயாச்சு ஒன் தொரையாச்சு."

அவன் அவளை அள்ளித் தூக்கினான். அவள் எடை ஒரு கூடைக் கொழுந்துக்கு மேல் இருக்காது. முதலில் அவன் முகத்தில் அறைந்தாள். பிறகு தோள் சட்டை ஓட்டைக்குள் விரலை விட்டுக் கிழித்தாள். பிறகு தலையைத் தொங்கவிட்டுவிட்டாள். அதைப் பார்த்து மற்ற மகன்களும் தூக்கினார்கள். ஒருவன் தன் தாயை முதுகில் சுமந்தான். ஒருவன் கக்கத்தில் கையைக் கொடுத்துத் தரையில் இழுத்தான், சேலை முழங்காலுக்கு மேலே சுருண்டு போனது. அந்தக் கண் தெரியாத தாத்தாவை மட்டும் தூக்க யாரும் இல்லை, அவருக்கு மகன் இல்லை. அவர் யார் எங்கே போகிறார்கள் என்று தெரியாமல் கையை நீட்டிக் காற்றில் தடவிக்கொண்டே இருந்தார். மண் வெட்ட வந்தவர்களில் ஒருவன் கைதட்டினான். அவனை நான் கல்லால் அடித்தேன். படவில்லை. அந்தக் கல் இன்னும் கொஞ்சம் பெரியதாக இருந்திருக்கலாம் என்று இன்றைக்கும் வருத்தம்.

சர்வேயர் ஐயா பதாகையைப் பிடித்தபடி நின்றார். அவர் அழுதார் என்று அம்மாவிடம் சொன்னேன். "அழுகட்டும். அவரு ஊட்டுக்கு பஸ் இருக்கு" என்றாள்.

அவரால் முடிந்ததை அவர் செய்தார், அதையும் சொல்ல வேண்டும். கொழும்புக்கும் பதுளைக்கும் அலைந்து, அதிகாரிகளோடு பேசி, அணையின் அடியில் ஒரு குழாய் விட வேண்டும் என்று ஒத்துக்கொள்ள வைத்தார். முழங்கை பருமன் குழாய். எந்தக் காலத்திலும் அதன் வழியாகப் பீலிக்குத் தண்ணீர் வரும், அதை அடைக்கக் கூடாது. அணை திறந்த அன்று அவர் ஒரு பெட்டி லட்டு வாங்கி வந்தார். குழாயில் வரும் தண்ணீருக்குப் பக்கத்தில் கிழவிகளை நிறுத்திப் படம் எடுத்தார். "இது உங்கட வெற்றி" என்றார். அம்மா படத்துக்குச் சிரிக்கவில்லை, ஆனால் லட்டைச் சாப்பிட்டாள். கொஞ்ச காலத்தில் அவர் மகளோடு இருக்கக் கனடாவுக்குப் போய்விட்டார்.

கம்பி எங்கள் லயத்துக் கூரைக்கு மேலேயே போனது. மழை நாளில் அது இரைவது கேட்கும். அந்த மின்சாரம் நேரே நாட்டுக்குப் போனது. லயத்துக்குத் தருவது வேறு திணைக்களத்தின் வேலை என்றார்கள். அண்ணன் இன்னும் பெட்டரி சுமந்தான். ஆனால் ஒன்று கிடைத்தது. அணைக்கு ஒரு காவலாளி தேவைப்பட்டபோது கம்பெனி அண்ணனை எடுத்தது, காம்பராவைத் துரை அவன் பேரிலேயே விட்டுவைத்தார். முதலில் தாயைத் தூக்கியவன் என்பதால் நம்பினார்கள் என்று லயத்தில் சொன்னார்கள். மழைக்கோட்டு, டோர்ச், கையில் ஒரு செல்போன். அம்மா அவனோடு நேராகப் பேசுவதை விட்டிருந்தாள். "அவன்கிட்ட சோறு இருக்குன்னு சொல்லு" என்பாள், அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான். ஆனாலும் அவன் சம்பளத்தில் வந்த அரிசியைச் சாப்பிட்டாள். வேறு அரிசி இல்லை.

அடுத்த வருடம் ஆனி கடைசியில் காற்றுக் காலம் வந்தது. எங்கள் பக்கம் அந்த மாதங்களில் மழை இல்லை, காற்று மட்டும். ஓடை மெலிந்தது. ஒரு நாள் காலையில் பீலி நின்றது. பெண்கள் குடத்தை வைத்துக்கொண்டு தகரத் தகட்டைத் தட்டிப் பார்த்தார்கள். சாயங்காலம் வரை வரவில்லை. அதன் பிறகு இறக்கத்தில் ஒரு மைல் போய், தோட்டத்தின் அடுத்த டிவிஷன் கிணற்றில் சண்டை போட்டுத் தண்ணீர் எடுத்தோம்.

மறுநாள் அம்மா மேலே ஏறினாள். நானும் போனேன். அணையில் தண்ணீர் இருந்தது. அதை அப்படியே பெரிய குழாய் விழுங்கிக்கொண்டிருந்தது. அடியில் எங்களுக்கு விட்ட குழாயின் வாயில் ஒரு சாக்கைச் சுருட்டித் திணித்திருந்தது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த நுனியில் சிவப்பு நூல் ஓடியிருந்தது. இரண்டு நாளாக இஸ்தோப்பில் சாக்கைக் காணோம் என்று அம்மா தேடிக்கொண்டுதான் இருந்தாள்.

குனிந்து இழுக்கப் போனேன். அம்மா என் முடியைப் பிடித்து இழுத்தாள். நிஜமாகவே பிடித்து இழுத்தாள், வலித்தது.

"விடு."

"நம்ம தண்ணிம்மா."

"தண்ணி கொறஞ்சா மெஷின் நிக்கும். நின்னா யாரு தொறந்தான்னு கேப்பாங்க. அவன் பேரு போயிரும். வா போவோம்."

காட்டைக் காப்பாற்றியவள், துரையைத் திருப்பி அனுப்பியவள், அந்தச் சாக்குக்கு முன்னால் தோற்றாள். எனக்கு அண்ணன் மேல் வந்த கோபத்தை விட அன்றைக்கு அவள் மேல் வந்த கோபம்தான் பெரிது. இறங்கி வரும் வழியெல்லாம் திட்டினேன். வீட்டுக்கு வந்து வெறும் சிமெந்தில் படுத்துக்கொண்டாள்.

அந்தக் காற்றுக் காலம் முடிவதற்குள் சர்வேயர் ஐயா கனடாவிலிருந்து பேசினார். எங்கள் வீட்டில் இருந்த ஒரே போன் கம்பெனி கொடுத்த போன். அண்ணன் அதை அம்மாவின் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டான். அவர் குரல் பெரிது, எனக்கும் கேட்டது. அங்கேயும் வயது போனவர்கள் கூட்டம் இருக்கிறதாம், பனிக்குள் நின்று பதாகை பிடிக்கிறார்களாம்.

"உங்கட படத்தைக் காட்டினனான் அம்மா. எல்லாரும் எழும்பி நிண்டு கை தட்டினவை" என்றார். பிறகு, "குழாயிலை தண்ணி வருகுதோ?" என்று கேட்டார்.

அண்ணனின் கை காதோடு அசையாமல் நின்றது. அவர் கொழும்பில் யாருக்காவது ஒரு வார்த்தை சொன்னால் போதும், குழாய் திறக்கும். அதோடு சேர்ந்து இவன் வேலையும் போகும். அம்மா அவன் முகத்தைப் பார்த்தாள். அவ்வளவு காலம் கழித்து அன்றைக்குத்தான் நேராகப் பார்த்தாள்.

"வருதுங்க ஐயா. நல்லா வருது" என்றாள்.

அவர் அங்கே சந்தோஷப்பட்டார். அண்ணன் போனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனான். நன்றி என்று ஒரு வார்த்தை, ஒரு முக மாற்றம், எதுவும் இல்லை. அவனை நான் மன்னிக்கவில்லை. மன்னிப்பதாகவும் இல்லை.

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு காற்றுக் காலத்திலும் பீலி நின்றது, மழைக்கு வந்தது. லயத்தில் எல்லோருக்கும் காரணம் தெரியும். யாரும் அண்ணனிடம் கேட்கவில்லை. அவர்கள் மகன்களும் தாய்களைத் தூக்கியவர்கள், எந்த வாயால் கேட்பது? ஓர் ஆடி மாதம் மார்ச்சளி கட்டி அம்மா படுத்தாள். குளிர் ஏறும் என்று உள்ளே படுக்கச் சொன்னோம், கேட்கவில்லை. ஒரு விடிகாலையில் இஸ்தோப்பிலேயே போனாள்.

தோட்டத்தில் சாவுக்கு அடிக்கும் தப்புச் சத்தம் கேட்டதும் மலையிலிருந்து சனம் இறங்கிவிடும். உறவுகள் வந்தார்கள். பெட்டி வந்தது. வெயில் ஏறியதும் நீர்மாலைக்குப் புறப்பட்டோம். செத்தவரைக் குளிப்பாட்ட மகனும் சொந்தங்களும் வெள்ளை வேட்டியைத் தலைக்கு மேலே பிடித்து, தப்பு முன்னால் போக, ஓடும் தண்ணீருக்குப் போய்க் குடத்தில் எடுத்து வருவதுதான் நீர்மாலை. எங்கள் லயத்தில் அதற்குப் பீலிதான். அண்ணன் முதல் குடத்தைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். பழக்கத்தில் கால் தானாக அங்கே போய்விட்டது. பீலிக்கு வந்து நின்ற பிறகுதான் எல்லோருக்கும் உறைத்தது.

தகரத் தகடு வெயிலில் கிடந்தது. பாசி காய்ந்து உரிந்திருந்தது. தப்பு அடித்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். காற்று வேட்டியைப் படபடவென்று அடித்தது. வீட்டில் பீப்பாயில் கிணற்றுத் தண்ணீர் இருக்கிறதே, அதை எடுத்தால் என்ன என்று ஒருவர் மெதுவாகக் கேட்டார். பெரிய மாமா, அம்மாவின் கூடப் பிறந்தவர், தலையை ஆட்டினார். "ஓடுற தண்ணியிலதான் எடுக்கணும். புடிச்சு வச்ச தண்ணியில எங்கக்காவ ஊத்தி அனுப்ப மாட்டேன்."

எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள்.

"அண்ணே, மேல போயி எடுத்து விடுங்க" என்றேன்.

"எதை?"

"அம்மா சாக்கத்தான்."

அவன் குடத்தைத் தரையில் வைத்தான். மேல் சட்டையில்லாமல், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடை வழியாகவே ஏறினான். நாங்கள் வெயிலில் வெறுங்குடங்களோடு காத்து நின்றோம். கால் மாற்றி நின்றோம். அண்ணி மட்டும் விசும்பினாள். வெகு நேரம் கழித்து மேலே கல்லுக்குள் சலசலப்புக் கேட்டது. தகட்டில் முதலில் சருகு வந்தது, பிறகு செம்மண், பிறகு தண்ணீர். தப்பு மறுபடி ஆரம்பித்தது. அண்ணன் ஈரச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தான். அதை வேலியில் எறிந்துவிட்டு, குடத்தைப் பிடித்தான். கலங்கல் தெளியும் வரை பொறுக்கவில்லை. மண் கலந்த தண்ணீரில்தான் அம்மாவைக் குளிப்பாட்டினோம்.

அடக்கம் முடிந்து அவன் மொட்டைத் தலையோடு வந்தான். மீசையையும் எடுத்திருந்தார்கள். அவன் முகம் அப்போது அம்மாவின் முகமாக இருந்தது. நான் பார்க்கப் பிடிக்காமல், சாவு வீட்டுச் சமையல் குண்டான்களை எடுத்துக்கொண்டு பீலிக்குக் கழுவப் போனேன். தண்ணீர் தெளிந்து, பழைய பீலி மாதிரியே விழுந்துகொண்டிருந்தது. லயத்துப் பெண்கள் அவசர அவசரமாகக் குடம் நிரப்பிக்கொண்டு போனார்கள். சாவு வீட்டுக்காரி என்று எனக்கு இடம் விட்டார்கள்.

மேலே வாசலில் அவனுடைய போன் அடித்தது. சிங்களத்தில், "சரி சேர், சரி சேர்" என்றான். பிறகு அண்ணியின் குரல் கேட்டது.

"இருட்டுறதுக்குள்ள போயிட்டு வாங்க. சாக்கு வேலியிலதான் காயுது."

அவன் என்னைத் தாண்டித்தான் ஏறிப் போனான். சாக்கை நான்காக மடித்துக் கக்கத்தில் வைத்திருந்தான். நான் கரியைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டாவது குண்டானை அலசும்போது தண்ணீர் நூலாக மெலிந்தது. மூன்றாவதைத் தகட்டுக்கடியில் வைத்தேன், கொஞ்சம் சொட்டியது, நின்றது. கழுவியதையும் கழுவாததையும் ஒன்றாக அடுக்கித் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.